குதிரை மயிரின் அகலம்

பை எண்டால் 22/7. பாடசாலைக்குப் போன எவருக்கும் இது ஞாபகமிருக்கும். ஆனால் இது கிட்டிய பெறுமதி மாத்திரமே. பையின் தசம தானங்களுக்கு முடிவு கிடையாது. அப்படியானால், எத்தனை தானம் வரை கணித்தால் போதும்?

ஹிஜ்ரி 827இல், அதாவது கி.பி. 1424இல், ஸமர்கந்தில் இருந்த ஜம்ஷீத் அல்-காஷி இக்கேள்விக்கு ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டே கணக்கைத் தொடங்கினார். பூமியின் விட்டத்தைப் போல் 600,000 மடங்கு விட்டமுள்ள ஒரு வட்டம். அதன் பரிதியில் வரும் பிழை ஒரு குதிரை மயிரின் அகலத்துக்குள் அடங்க வேண்டும். அக்கால வானியல் அறிந்த பிரபஞ்சம் அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும்.

வழி ஆர்க்கிமிடீஸ் காட்டியதுதான்: வட்டத்துக்கு உள்ளும் புறமும் பல்கோணி வரைந்து, பக்கங்களை இரட்டித்துக்கொண்டே போவது. ஆர்க்கிமிடீஸ் 96 பக்கங்களில் நிறுத்தினார். அல்-காஷி முக்கோணியில் தொடங்கி 28 முறை இரட்டித்தார். பக்கங்கள் 805,306,368! இத்தனையையும் வரைய முடியாது. ஒவ்வொரு படியிலும் வர்க்கமூலம் கண்டு கணக்கால் மட்டுமே போகலாம். அதையும் அறுபதை அடியாகக் கொண்ட எண்முறையில் கையாலேயே செய்தார். பரிதிக்கும் ஆரைக்கும் உள்ள விகிதம் 6.2831853071795865 என வந்தது. பதினாறு தானங்களும் சரி. இதை விஞ்சிய கணிப்பு, 1596இல் லுடோல்ஃப் வான் கோலன் 20 தானங்களை வெளியிடும் வரை வரவில்லை.

நம்மட மேடைகளில் முஸ்லிம் விஞ்ஞானிகளின் பெயர்ப்பட்டியல் வாசிக்கப்படுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பெயர் வரும், கைதட்டல் வரும். அவர் என்ன செய்தார் என்பது மட்டும் வராது. அல்-காஷி தன் முன்னோரை அப்படி நடத்தவில்லை. ஆர்க்கிமிடீஸின் பெறுமதி தன் தேவைக்குப் போதாது என்றார். அபுல் வபாவும் அல்-பிரூனியும் நம்மவர்கள்தானே எண்டு சும்மா விடவுமில்லை. அவர்களுடைய கணக்குகளையும் சோதித்துக் குறை சொன்னார். பிறகுதான் தன்னுடையதை எழுதினார்.

மரியாதை என்பது இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஒருவரது கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கும் அளவுக்கு அதைப் பொருட்படுத்துவது. அல்-காஷியின் பெயரைச் சொல்லும் ஆசிரியர் ஒருவர், அறுகோணியிலிருந்து பன்னிருகோணி வரைக்குமாவது மாணவர்களைக் கணிக்க வைத்தால், அந்த ஒரு பாடம் நம்மட பத்துப் பட்டியல்களுக்குச் சமம்.