இரத்தக் குழாயின் உட்படலம்



எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் சிங்கப்பூரில் தேக்காவிலுள்ள மகள் வீட்டுக்குப் போயிருந்தார். ஒரு காலையில் அவருக்கு வாய் கோணிற்று. நெஞ்சுவலிக்கு வைத்திருந்த மாத்திரையை நாக்கடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பொழுது போயிற்று, வலக்கையும் போயிற்று. அந்த மாத்திரை ஏன் உதவவில்லை? அதற்கு ஒரு வரலாறு உண்டு.

பால் வெட்டுவோர் அறிவார்கள்: கத்தி பட்டையோடு நிற்க வேண்டும், அடியிலுள்ள மெல்லிய உயிர்ப்படலத்தில் பட்டால் மரம் புண்ணாகும். அதைக் காயப்படுத்தாமல் பால் எடுக்கும் முறையை 1890-களில் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் வகுத்தவர் ஹென்றி ரிட்லி. நம் இரத்தக் குழாயின் உட்புறத்திலும் அதுபோல் மெல்லிய படலம் ஒன்று உண்டு.

1980-இல் நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட் என்னும் அறிஞர் முயலின் இரத்தக் குழாய்த் துண்டுகளை ஆராய்ந்தார். ஒரே மருந்துக்குச் சில துண்டுகள் தளர்ந்தன, சில தளரவில்லை. தளராதவற்றில் உட்படலம் உரசித் தேய்ந்திருந்தது. ஆகவே, குழாயைத் தளரச் சொல்வது படலமே என்று கண்டார். படலம் அனுப்பும் அந்தச் செய்தி நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு என்பது 1987-க்குள் தெளிவாயிற்று. நெஞ்சுவலி மாத்திரையிலுள்ள நைட்ரோகிளிசரினும் இவ்வாயுவையே தருகிறது என்று ஃபெரிட் முராட் 1977-இலேயே காட்டியிருந்தார். இவ்விருவருக்கும் லூயிஸ் இக்னாரோவுக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மூளைக் குழாய் அடைபடும்போது, படலம் தரும் வாயு பக்கத்துக் குழாய்களை விரித்துச் சேதத்தைக் குறைக்க உதவுகிறது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல் ஆகியவை படலத்தைக் கெடுக்கின்றன. ஆனால் அடைப்புக்குப் பின் மூளை அணுக்கள் இவ்வாயுவை மிகுதியாக உண்டாக்கினால் அதுவே நஞ்சாகிறது.

வெளியிலிருந்து கொடுத்தால் பலனுண்டா? சிங்கப்பூர், மலேசியா, இலங்கை உட்பட 23 நாடுகளில் 4,011 நோயாளிகளிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு நைட்ரோகிளிசரின் மருந்தைத் தோலில் ஒட்டினார்கள். 2015-இல் முடிவு வந்தது: இரத்த அழுத்தம் இறங்கிற்று, ஊனம் குறையவில்லை.

ஆகவே, வாய் கோணினால், கை தொய்ந்தால், பேச்சுக் குழறினால், மாத்திரையும் வேண்டாம், எண்ணெய்த் தேய்ப்பும் வேண்டாம். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்னும் எண்ணுக்கு உடனே அழையுங்கள். அடைப்பா, இரத்தக் கசிவா என்பது மருத்துவமனையில் படம் எடுத்தால்தான் தெரியும். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். பெரியவர் இழந்தது அந்த நேரத்தைத்தான்.