ஹெரால்டுக்கு ரேக் மாத்தின கதை

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போயிருக்கீங்களா? புறா, பூச்செடி, பழைய மிக்ஸியில் ஆரம்பித்து கார் பார்ட்ஸ் வரைக்கும் கிடைக்கும். போன மாதம் அங்கே ஒரு சாக்கு மேல் துருப்பிடித்த ஸ்டீயரிங் ரேக் ஒன்று கிடந்தது. "எந்த வண்டிதுண்ணே?" என்றேன். "தெரியல தம்பி, வேணும்னா எடுத்துக்க" என்றார். எங்க தாத்தா இருந்திருந்தா பார்த்ததுமே சொல்லியிருப்பார். வீட்டு வாசல்லயே தன் ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு ரேக் மாத்தின ஆளு அவர்!

அந்தக் கதைக்கு முன்னாடி வண்டலூர் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாம்.

இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் கம்பெனியோடு மெட்ராஸ்காரர்கள் கைகோத்து 1948ல் ஆரம்பித்தது ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. தொழிற்சாலை வண்டலூர் பக்கம், ஜிஎஸ்டி ரோட்டில். முதலில் வேன்கார்டு, பிறகு சின்ன கார்கள், 1961ல் ஹெரால்டு. இத்தாலிக்காரர் மிச்சலாட்டி வடிவமைத்த இந்தக் கார் இங்கிலாந்தில் 1959ல் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்தது. இங்கே மட்டும் பெயர் ஸ்டாண்டர்ட்.

ரேக் அண்ட் பினியன் ஒண்ணும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அடியில் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரம் சுற்றும். அது பல் வெட்டிய நீளக் கம்பியை இடமும் வலமும் தள்ளும். கம்பியின் இரு முனையிலும் இருக்கிற டை ராடு சக்கரத்தைத் திருப்பும். அவ்வளவுதான். அம்பாசடரிலும் இதே முறைதான். பியட்டில் வேறு மாதிரி, திருகு வெட்டிய வார்ம் கியர். ஆனா ஹெரால்டுக்கு ஒரு தனி கெத்து உண்டு. 25 அடி வட்டத்துக்குள் முழுசா திரும்பிவிடும்! நம்ம தெருக்களுக்குன்னே செஞ்ச மாதிரி. டை ராடு எண்டும் வெளியூர் சமாச்சாரம் இல்லை. ரானே மெட்ராஸ் 1960லேயே அதைத் தயாரிக்க ஆரம்பித்துவிட்டது.

இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் என்ற பெயரையே 1963ல் மூட்டை கட்டிவிட்டார்கள். வண்டலூரில் அது இன்னும் 25 வருஷம் உயிரோடு இருந்தது. நாலு கதவு ஹெரால்டு, அப்புறம் எழுபதுகளில் கெஸல். 1985ல் ரோவர் உடம்புக்குள் பழைய வேன்கார்டு காலத்து இன்ஜினைத் திணித்து ஸ்டாண்டர்ட் 2000 விட்டார்கள். விலை ஜாஸ்தி, பெட்ரோலும் குடிக்கும். மாருதி வந்துவிட்ட நேரத்தில் யார் வாங்குவா? 1988ல் ஆலை மூடப்பட்டது. வேலை செய்தவர்கள் பாடு திண்டாட்டம். கார் வைத்திருந்தவர்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் திண்டாட்டம்.

அதுக்கு மூணு நாலு வருஷம் கழிச்சுதான் எங்க வீட்டு ஹெரால்டின் ரேக் ஆட ஆரம்பித்தது. தாத்தா புதுப்பேட்டையில் ரெண்டு நாள் அலைந்து, பல் தேயாத பழைய ரேக் ஒன்றைப் பிடித்தார். டார்ச் பிடித்தவர் அப்பா. கதையும் அவர் சொன்னதுதான்.

ஹெரால்டில் பானட் மட்டும் தனியாகத் திறக்காது. மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுசும் முன்னால் சாயும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ரேக்கைப் பிடித்திருப்பது இரண்டு யு போல்ட், நடுவில் ரப்பர். டை ராடு எண்டு லேசில் வராது. ஸ்டீயரிங் ஆர்மின் இரு பக்கமும் ரெண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் தட்டணும். கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, சாக்பீஸால் சுவரில் எழுதினாராம்.

எல்லாம் மாட்டி ஓட்டிப் பார்த்தா, வண்டி நேரா போகுது, ஸ்டீயரிங் சக்கரம் மட்டும் கோணலா நிக்குது :-) ரேக்கை நடுவில் நிறுத்தாமலே காலத்தை இணைத்துவிட்டார். திரும்பக் கழற்றி, ரேக்கை நடுவுக்குக் கொண்டுவந்து, பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை நூல் கட்டி அலைன்மென்ட் பார்த்தார். சாயங்காலம் திரிசூலம் வரை ஓட்டிட்டு வந்துதான் சாப்பாடு. அப்புறமும் பல வருஷம் அந்த ரேக் ஓடியது.

இப்போ என் காரில் ரேக் மாற்றணும்னா? ஸ்டீயரிங்கை அசையாமல் கட்டி வைக்கணும், இல்லைன்னா ஏர்பேக் ஒயர் அறுந்துடும். மோட்டார், சென்சார் எல்லாம் இருக்கு. மாட்டின பிறகு கம்ப்யூட்டரைச் சொருகி 'இதுதான் நடு' என்று அதுக்குச் சொல்லித் தரணும். குறை சொல்லலை. பவர் ஸ்டீயரிங் இல்லாம ஓட்ட என்னால முடியாது. ஆனா சாக்பீஸும் நூலும் வெச்சு ஒரு மனுஷன் தன் வண்டியை முழுசா புரிஞ்சுக்க முடிந்த காலம் ஒன்று இருந்தது.

கார் செய்த அந்த நிலத்தில் இப்போ ஐடி பார்க் நிற்கிறது. அங்கே வேலை செய்யும் என் நண்பர்கள் பலருக்கு இது தெரியாது.

அந்த ரேக்கை நான் வாங்கலை. இந்த வெள்ளிக்கிழமை திரும்பப் போய்ப் பார்க்கணும்.