முன்னறிவித்தற் காலமும் வேலை தேடும் உரிமையும்

ஒருவனை வேலையினின்று நீக்குமுன் அவனுக்கு அறிவித்தல் கொடுத்தல் வேண்டும் என்னும் வழக்கம் ஐரோப்பிய நாடுகளிற் பழமையானது. வேறிடந் தேடிக்கொள்ள அவனுக்கு அவகாசம் அளித்தலே அதன் தலையாய நோக்கம். ஆயின், அவ்வவகாசம் எத்தகையது என்று சிறிது நோக்குவோமாயின் ஒரு முரண்பாடு புலனாகும். நான்கு கிழமை அறிவித்தல் பெற்ற தொழிலாளி அந்நான்கு கிழமையும் காலை தொட்டு மாலை வரை பழைய முதலாளியின் ஆலையிலே நிற்கக் கடமைப்பட்டவன். புதிய வேலை கொடுக்கக்கூடியோரின் கந்தோர்கள் திறந்திருப்பதும் அதே வேளையிலேதான். எனவே, வேலை தேடுவதற்கென்று கொடுக்கப்பட்ட காலம் வேலை தேட இயலாத காலமாகவே கழிந்துவிடும். இம்முரண்பாட்டினை நீக்கும் விதி பிரித்தானியாவிலே 1975ஆம் ஆண்டிற்றான் சட்டமாயிற்று. கைத்தொழிற் புரட்சிக்குத் தாயகமாகிய நாடு இத்துணை தாமதித்தமைக்குக் காரணம் அந்நாட்டின் பழைய சட்டத்திலேயே உண்டு.

முதலாம் எலிசபெத்து அரசியின் காலத்தில், 1563இல் ஆக்கப்பட்ட கைவினைஞர் சட்டம், ஆண்டுக் கணக்கில் அமர்ந்த ஏவலாளன் விலகுவதற்கும் எசமானன் அவனை விலக்குவதற்கும் கால் ஆண்டு முன்னறிவித்தல் வேண்டுமென விதித்தது. விலகியவன் சான்றுப் பத்திரம் இன்றி வேறோரிடத்தில் அமர இயலாது. இங்ஙனம் கடுமையாகக் கட்டுண்டிருந்தும், வேலை தேடுவதற்கு நேரமில்லை என்னும் குறை அக்காலக் கமக்கார ஏவலாளரிடையே பெரிதாக எழவில்லை. ஏனெனில், வேலை தேடுவதற்கென்றே ஆண்டிற்கொரு நாள் இருந்தது. தென் பகுதிகளிற் செப்டெம்பர் 29ஆந் தேதியாகிய மிக்கேல் திருநாளையும், வடபகுதிகளில் நவம்பர் 11ஆந் தேதியாகிய மார்ட்டின் திருநாளையும் ஒட்டி வேலையாட் சந்தைகள் கூடின. ஆட்டிடையன் தொப்பியிற் கம்பளிக் கற்றையைச் செருகிக்கொண்டு நிற்பான். வண்டிக்காரன் சவுக்குக் கயிற்றைச் சூடிக்கொள்வான். பணிப்பெண் துடைப்பத்தை ஏந்தி நிற்பாள். பேச்சு முடிந்தவுடன் ஒரு சிறு நாணயம் கைமாறும். ஓராண்டு ஒப்பந்தம் நிலைபெறும். தோமஸ் ஹார்டி 1874இல் வெளியிட்ட நாவலொன்றில் இத்தகைய சந்தையொன்றைக் கண்முன் நிறுத்துகின்றார். மனிதரை மாடுகளைப்போல் நிறுத்திவைத்துப் பேரம் பேசிய இச்சந்தையை இகழ்ந்தோர் பலர். அவ்விகழ்ச்சி தகும், ஆயினும் ஏவலாளனும் எசமானனும் ஒரே நாளில் ஒரே இடத்திற்குச் சென்றனர் என்பதை மறத்தலாகாது.

ஆலைகள் பெருகியபின் அந்நாள் மறைந்தது. வேலை தேடுவோன் ஆலை வாயில்தோறும் அலைந்தான். அதற்கு வேண்டிய நேரமோ அவனுடையதன்று. 1823ஆம் ஆண்டின் எசமானர் ஏவலாளர் சட்டப்படி, ஒப்பந்த காலம் முடியுமுன் வேலையை விட்டகன்ற தொழிலாளியை மூன்று மாதம் வரை கடூழியச் சிறையிலிடலாம். இலங்கையில் 1865இல் இயற்றப்பட்ட 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டமும் இவ்வழிப்பட்டதே. எசமானனின் நேரத்தை நீதிமன்றங்கள் எவ்வளவு உறுதியாகக் காத்தன என்பதற்கு 1845ஆம் ஆண்டின் வழக்கொன்று போதிய சான்று. வீட்டுப் பணிப்பெண்ணொருத்தி, தாய் மரணத் தறுவாயிற் கிடக்கின்றாள் எனக் கேட்டு ஓரிரவு விடுப்பு வேண்டினாள். எசமானன் மறுத்தான். அவள் சென்றாள், அவன் அறிவித்தலின்றியே அவளை நீக்கினான். அவள் ஒரு மாதச் சம்பளங் கோரித் தொடுத்த வழக்கில் எசமானன் செய்ததே சரியென நீதிபதிகள் தீர்த்தனர். தாயின் படுக்கையண்டை செல்வதற்கே இடங்கொடாத சட்டம், மற்றோர் எசமானனைத் தேடிச் செல்வதற்கு இடங்கொடுக்கும் என எதிர்பார்த்தல் எங்ஙனம்?

1875ஆம் ஆண்டில், எரிவாயு, நீர் வழங்கும் தொழில் போன்ற சில நீங்கலாக, ஒப்பந்தத்தை மீறிச் செல்லுதல் குற்றமாகாது என்ற நிலை ஏற்பட்டது. சிறை நீங்கியது, நேரம் கிடைக்கவில்லை. 1909ஆம் ஆண்டில் வின்ஸ்ரன் சேர்ச்சில் வர்த்தக சபைத் தலைவராயிருந்தபொழுது, வில்லியம் பெவறிஜின் ஆராய்ச்சியைத் துணையாகக் கொண்டு, அரசாங்கமே வேலை தேடிக்கொடுக்கும் நிலையங்களை நிறுவச் சட்டமியற்றப்பட்டது. மறு ஆண்டு பெப்ரவரியில் அவை திறக்கப்பட்டன. வாயில்தோறும் அலையும் துன்பத்தை அவை ஓரளவு தணித்தன. எனினும் அவற்றால் முழுப்பயன் பெற்றவன் ஏற்கெனவே வேலையிழந்தவனே. இன்னும் இரு கிழமையில் வேலையிழக்க இருப்பவன் பகற்பொழுதில் அங்கே செல்ல முதலாளியின் தயவை நாடவேண்டியவனாயிருந்தான்.

அதற்கு முன்னரே யேர்மனியில் இக்கேள்விக்கு விடை கூறப்பட்டிருந்தது. 1896இல் நிறைவேறி 1900ஆம் ஆண்டு சனவரி முதலாந் தேதி நடைமுறைக்கு வந்த குடியியற் சட்டக்கோவையின் 629ஆம் பிரிவு, நிலையான வேலையொன்று அறிவித்தலால் முடிவுறும்பொழுது, வேலைசெய்வோன் கேட்குமிடத்து, வேறு வேலை தேடுதற்குத் தகுந்த நேரத்தை அளித்தல் வேண்டுமென ஒரே வாக்கியத்திற் கூறியது. அறிவித்தல் கொடுத்தவர் எவர், நீக்கத்தின் காரணம் யாது என்று அது வினவவில்லை. அவுஸ்திரியாவோ அளவையும் வரையறுத்தது. 1921இல் ஆக்கப்பட்ட அந்நாட்டு உத்தியோகத்தர் சட்டம், பின்னர் திருத்தப்பட்டவாறு, முதலாளி அறிவித்தல் கொடுத்தவிடத்துக் கிழமைதோறும் வேலைநேரத்தில் ஐந்திலொரு பங்கேனும் சம்பளக் குறைவின்றி விடுதல் வேண்டுமென்கின்றது. 1963இல் சர்வதேசத் தொழில் தாபனம் தனது 119ஆம் இலக்கச் சிபாரிசிலே இக்கருத்தை உலகிற்குப் பொதுவாக்கியது. ஆயினும் 1982இல் வேலைநீக்கம் பற்றிய 158ஆம் இலக்கச் சமவாயம் எழுந்தபொழுது இவ்வுரிமை அதனுள் இடம்பெறவில்லை. உடன் எழுந்த 166ஆம் இலக்கச் சிபாரிசுக்கே ஒதுக்கப்பட்டது. சமவாயம் ஏற்ற நாட்டைக் கட்டுப்படுத்தும், சிபாரிசு கட்டுப்படுத்தாது என்பதை அறிந்தோர்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

பிரித்தானியா இதனைப் படிப்படியாகவே அணுகியது. 1963ஆம் ஆண்டுச் சட்டம் அறிவித்தலின் குறைந்த அளவை நிறுவிற்று. 1965ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்குறைப்பால் நீங்குவோர்க்குப் பணக்கொடை அளித்தது. ஆனால் இங்கே ஒரு பொறி இருந்தது. அறிவித்தற் காலத்தின் இடையிலே புதிய வேலை கிடைத்து உடனே செல்ல விரும்புவோன், எழுத்தில் எதிரறிவித்தல் கொடுத்தல் வேண்டும். முதலாளி எழுத்தில் மறுத்தபின்னும் அவன் செல்வானாயின், அப்பணக்கொடையை முழுதாகவோ பகுதியாகவோ இழக்கவும் நேரலாம். வேலை தேடி வெற்றிபெற்றவனே இடருக்குள்ளாயினான்.

மைக்கல் பூட் தொழில் அமைச்சராயிருந்த காலத்தில், 1975 நவம்பரில், வேலைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஆட்குறைப்பு அறிவித்தல் பெற்றவன் வேறு வேலை தேடவும், புதிய தொழிற்பயிற்சிக்கு ஒழுங்கு செய்யவும், வேலைநேரத்திலேயே நியாயமான விடுப்புப் பெறலாம் என அதன் 61ஆம் பிரிவு கூறிற்று. வேலையை விட்டகலுதல் குற்றமெனும் நிலை நீங்கிச் சரியாக ஒரு நூற்றாண்டு கழிந்திருந்தது. இவ்விதி பின்னர் 1996ஆம் ஆண்டின் தொழில் உரிமைச் சட்டத்தில் 52ஆம் பிரிவு முதலாகச் சேர்க்கப்பட்டது.

இவ்வுரிமையைப் புகழுமுன் அதன் எல்லைகளையும் காணல் வேண்டும். நியாயமான நேரம் எவ்வளவு என்பதற்கு வரம்பில்லை, சம்பளத்திற்கோ வரம்புண்டு. அறிவித்தற் காலம் முழுவதற்குமாக ஒரு கிழமைச் சம்பளத்தில் ஐந்திலிரு பங்கே, அதாவது ஐந்து நாள் வேலைசெய்வோனுக்கு இரு நாட் சம்பளமே, முதலாளி கொடுக்கக் கடமைப்பட்டவர். பன்னிரண்டு ஆண்டு உழைத்துப் பன்னிரண்டு கிழமை அறிவித்தல் பெறுபவனுக்கும் அவ்விரு நாளே. அவுஸ்திரியன் கிழமைதோறும் ஒரு நாள் பெறுவதோடு இதனை ஒப்பிடுக. இனி, இரண்டாண்டு இடையறாது வேலைசெய்தோர்க்கே இவ்வுரிமை உண்டு. கடைசியில் வந்தவன் முதலிற் செல்லல் வேண்டும் என்பது பிரித்தானிய ஆலைகளில் நெடுங்காலம் நிலவிய ஆட்குறைப்பு முறை. ஆகவே, முதலில் நீக்கப்படுவோரே சட்டத்தின் வாயிலுக்கு வெளியே நின்றனர். இஃது இவ்விதியின் பெருங்குறை எனலாம்.

எனினும் நீதிமன்றம் ஒரு வகையில் தாராளமாகவே நடந்தது. 1978ஆம் ஆண்டில், விமானத் தொழிற்சாலையொன்றில் ஆட்குறைப்புக்குள்ளான தொழிலாளி விடுப்புக் கோரியபொழுது, எங்கே, யாரிடம் நேர்முகப் பரீட்சைக்குச் செல்கின்றான் என்ற விபரத்தை முன்னரே தரல் வேண்டுமென நிருவாகத்தார் வற்புறுத்தினர். வழக்கு மேன்முறையீட்டு நியாயசபை வரை சென்றது. அவ்விபரங்களைத் தருதல் விடுப்புக்கு நிபந்தனையாகாது என அச்சபை தீர்த்தது. வாயிலில் நின்று விசாரிப்பதற்கும், பத்திரிகை விளம்பரத்தைக் கண்டு உடனே செல்வதற்கும் முன்கூட்டியே எழுதிய அழைப்பு ஏது?