நடுகல் நடந்த தூரம்

கம்பம் பள்ளத்தாக்கில் கூடலூர் என்றால் நமக்குத் திராட்சைத் தோட்டமும், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வந்திறங்கும் லோயர் கேம்ப்பும் நினைவுக்கு வரும். கூடல் ஊர் என்ற பெயருடைய ஓர் ஊரில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் ஒரு சண்டை நடந்தது. நாடு பிடிக்கும் போர் அல்ல, மாடு கவரும் சண்டை. அதில் பேடு என்ற ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவன் என்பவன் மாண்டான். உறவுக்காரர்கள் ஒரு கல்லை நட்டு, அவன் பெயரையும் ஊரையும் சண்டை நடந்த இடத்தையும் வெட்டி வைத்தார்கள்.

2006-இல் ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறையினர் அந்தக் கல்லைக் கண்டெடுத்தார்கள். உடன் இன்னும் இரண்டு கற்கள் கிடைத்தன. மூன்றிலும் இருப்பது தமிழ்-பிராமி எழுத்து. இந்தியாவில் கிடைத்த எழுத்துள்ள நடுகற்களில் இவையே மிகப் பழையவை என்பது ஆய்வாளர் கருத்து. கல் சொல்லும் கூடல் ஊர் நம் கூடலூர்தான் என்று கருதுவோரும் உண்டு. கல்லில் வாள் ஏந்திய உருவம் கிடையாது, மன்னன் பெயர் கிடையாது. யார், எந்த ஊர், எங்கே மாண்டான் என்பதோடு சரி. இன்று உலகெங்கும் படைவீரர்களுக்கு எழும் நினைவுச் சின்னங்களின் சாரம் முழுவதும் இந்த மூன்று செய்திக்குள் அடங்கிவிடுகிறது.

இப்படிக் கல் நடுவதற்கு முறை வகுத்துத் தந்தது தொல்காப்பியம். கல்லைத் தேடிப் பார்ப்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது என்று ஆறு படிகள். சங்கப் பாடல்களில் நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டுகிறார்கள், கள் படைக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது அவனுக்குப் பிடித்ததெல்லாம் கல்லுக்கும் பிடிக்கும் என்பது கணக்கு.

வீரனுக்கென்று வகுத்த இந்தப் படிகளை எடுத்துக் கண்ணகி என்ற பெண்ணுக்குச் சூட்டினார் இளங்கோவடிகள். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்று காதைகளின் தலைப்பே நடுகல் சடங்குதான். சேரன் செங்குட்டுவன் இமயத்துக் கல்லைக் கங்கையில் நீராட்டி, தோற்ற மன்னர்களின் தலையில் ஏற்றிக் கொண்டுவருகிறான். அந்தக் கல்லில் கண்ணகிக்கு எழுந்த கோயில் கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறையில் உள்ள மங்கலதேவி கோட்டம்தான் என்று 1963-இல் அறிவித்தவர் புலவர் சி. கோவிந்தராசனார். சித்திரைப் பௌர்ணமியன்று பளியன்குடி வழியாக மலையேறுகிறவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். செங்குட்டுவன் எடுத்த விழாவுக்கு வந்த விருந்தாளிகளில் இலங்கை மன்னன் கயவாகுவும் ஒருவன் என்கிறது காப்பியம். சிங்களவர்கள் இன்றும் பத்தினித் தெய்வத்தை வணங்குகிறார்கள், கண்டிப் பெரகராவில் அவளுக்கும் ஊர்வலம் உண்டு. வீரனுக்கு நட்ட கல், கண்ணகியின் கைபிடித்துக் கடலும் தாண்டிவிட்டது.

பல்லவர் காலத்தில் நடுகல் வடக்கே செங்கம் பக்கம் செழித்தது. இப்போது கல்லில் உருவமும் வந்துவிட்டது. வில்லும் வாளுமாக வீரன், பக்கத்திலேயே மன்னனின் ஆட்சியாண்டு. எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில் வீரனுக்கு அருகில் ஒரு நாய் நிற்கிறது. எசமானன் கருந்தேவக்கத்தி விழுந்த பிறகும் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற நாய் அது. அதன் பெயரையும் எழுதியிருக்கிறார்கள்: கோவிவன். கன்னட நாட்டிலும் இதே பழக்கம் இருந்தது. கி.பி. 949-950-ஐச் சேர்ந்த ஆதகூர்க் கல், காட்டுப்பன்றியோடு பொருது செத்த காளி என்ற நாய்க்காக நட்டது. அது இப்போது பெங்களூரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாய்க்கும் பெயர் வெட்டிய இந்த ஊர்களை மனத்தில் வைத்துக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போவோம்.

அங்கே நெடுங்காலம் தளபதிக்குச் சிலை, சிப்பாய்க்குக் கூட்டுக்குழி என்பதுதான் வழக்கம். அதை மாற்றியவர் ஃபேபியன் வேர். முதல் உலகப் போரில் செஞ்சிலுவைச் சங்க ஆம்புலன்ஸ் பிரிவோடு போனவர், கல்லறைகளைக் குறித்துவைக்க ஆளில்லை என்று கண்டு தாமே பதிவுசெய்யத் தொடங்கினார். அதிலிருந்து 1917 மே மாதம் பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம் பிறந்தது. தளபதியானாலும் சிப்பாயானாலும் ஒரே அளவுக் கல், 2 அடி 8 அங்குல உயரம். உடல்களை ஊருக்கு எடுத்துப்போக அனுமதி இல்லை. பணக்காரனுக்கு ஒரு கல்லறை, ஏழைக்கு ஒரு கல்லறை என்று ஆகிவிடக் கூடாதே! சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறையில் வரிசை பிசகாமல் நிற்கும் கற்கள் இந்த விதியின்படி வந்தவை.

உடல் வராத வீட்டார் எங்கே போய் அழுவார்கள்? இதற்கு விடை தற்செயலாகக் கிடைத்தது. 1919 ஜூலை 19 வெற்றி அணிவகுப்புக்காக, கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் இரண்டே வாரத்தில் மரத்தாலும் சாந்தாலும் ஒரு வெற்றுக் கல்லறையை லண்டனில் நிறுத்தினார். அணிவகுப்பு முடிந்ததும் பிரித்துவிடுவதாகத் திட்டம். மக்களோ அதன் காலடியில் மலர்களைக் குவித்துவிட்டார்கள். பிரிக்க மனம் வரவில்லை. மறு ஆண்டு நவம்பர் 11-இல் அதே இடத்தில் அதையே கல்லில் கட்டித் திறந்தார்கள். உலகின் பல நகரங்கள் அதைப் பார்த்துத் தங்களுக்கும் ஒன்று கட்டிக்கொண்டன. லட்யன்ஸ் டெல்லிக்கு வந்து வரைந்ததுதான் இந்தியா கேட். 1921-இல் அடிக்கல், 1931-இல் திறப்பு, சுவர்களில் 13,000-க்கு மேற்பட்ட பெயர்கள்.

ஆனால் எல்லோருக்கும் ஒரே கல் என்ற விதி எல்லா இடத்திலும் செல்லவில்லை. முதல் உலகப் போரில் மெசபடோமியாவுக்கு மதராஸ் சாப்பர்ஸ் உட்பட இந்தியப் படைகள் ஏராளமாகப் போயின. அங்கே மாண்டவர்களுக்காக 1929-இல் எழுந்த பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் வெள்ளைக்காரர்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கை மட்டுமே. நம் ஊர்ச் சுவர்களில் அந்தக் கால அரசு பதித்த பலகைகளும் அப்படித்தான். இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று கணக்குச் சொல்லும், ஆளைச் சொல்லாது. பெயர் விடுபட்டதில் பாரபட்சம் இருந்தது என்று ஆணையமே ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவிக்க 2021 ஆகிவிட்டது. எடுத்தனூர் நாய்க்குக் கிடைத்தது பாஸ்ராவில் சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை.

சுதந்திர இந்தியாவில் 1972-இல் இந்தியா கேட்டின் கீழே அமர் ஜவான் ஜோதி ஏற்றப்பட்டது. 2019-இல் அருகிலேயே தேசியப் போர் நினைவகம் திறந்தபோது, 25,000-க்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் கருங்கல் பலகைகளில் ஒவ்வொன்றாக ஏறின. பெயர், பதவி, படைப்பிரிவு. புலிமான்கோம்பைக் கல்லின் இலக்கணம் ஏறக்குறைய அப்படியே திரும்பிவிட்டது.

நடுகல்லின் அண்மைப் பயணம் இன்னும் வியப்பானது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில்பாதை போட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்கள் பல்லாயிரம். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. தமிழர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. அவர்கள் துப்பாக்கி ஏந்தியவர்கள் அல்ல, கூலிகள். 2023-இல் அங்கே அவர்களுக்கு ஒரு நடுகல் நட்டார்கள். தமிழ்நாடு அரசும் பொருளுதவி செய்தது. அதிலும் தனித்தனிப் பெயர்கள் இல்லை, எழுதிவைக்க அன்று யாரும் இல்லாததால்.

மன்னர்கள் மாறினார்கள், கல்லின் அளவும் அலங்காரமும் மாறின. தியாகத்தைப் போற்றுகிறோம் என்று எவ்வளவு பெரிய சின்னம் எழுப்பினாலும், இறந்தவன் பெயர் அதில் இல்லையென்றால் அது எழுப்பியவர்களின் நினைவுச் சின்னம்தான். தேனி மாவட்டத்தில் கண்மாய்க் கரையிலோ, மந்தையிலோ, துணி துவைக்கும் கல்லாகவோ எழுத்துள்ள கல் ஒன்று உங்கள் கண்ணில் பட்டால் அதன்மேல் பெயின்ட் அடிக்காதீர்கள், சுரண்டாதீர்கள். ஒரு படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். யாரோ ஒருவருடைய பெயர் அதில் இருக்கலாம்.