கோல்ஃப் மட்டைக்கு எந்த ஷாஃப்ட்? எடை குறைந்ததா, ஆட்டம் காணாததா?

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உயரமான மரத்தில் குலை வெட்டும்போது அரிவாள் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், கம்பம் சரியில்லை என்றால் வேலை நடக்காது. கம்பம் கனமாக இருந்தால் பத்து மரத்துக்குள் தோள் ஓய்ந்துவிடும். இலேசாக இருந்து நுனி ஆடினால் அரிவாள் காம்பில் சரியாக உட்காராது. மூங்கில் கம்பம் போய் அலுமினியம் வந்ததும், மிக உயரமான மரங்களுக்குக் கரிம இழைக் கம்பம் வந்ததும் இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான்.

கோல்ஃப் மட்டையிலும் இதே கணக்குதான். மட்டையின் தலைக்கும் கைப்பிடிக்கும் இடையில் உள்ள தண்டைத்தான் ஷாஃப்ட் என்கிறார்கள். எடை குறைந்த ஷாஃப்ட் வாங்குவதா, ஆடாமல் உறுதியாக நிற்கும் ஷாஃப்ட் வாங்குவதா என்பது இன்று பலரைக் குழப்பும் கேள்வி.

கெடாவிலும் இந்தக் கேள்வி எழுகிறது. சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் திடல்களில் ஒரு காலத்தில் தமிழர்கள் பெரும்பாலும் பை தூக்கும் கேடியாகவும் புல்வெட்டும் தொழிலாளராகவும்தான் காணப்பட்டார்கள். இன்று ஆசிரியர்கள், தொழிற்சாலை மேற்பார்வையாளர்கள், சிறுதொழில் செய்வோர், பணி ஓய்வு பெற்றவர்கள் எனப் பலர் ஆட்டக்காரர்களாக இறங்குகிறார்கள். எம். ராமையா, பி. குணசேகரன் போன்ற மலேசியத் தமிழர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்களாகப் பெயர் பெற்றதும் இந்த ஆர்வத்துக்கு வலு சேர்த்தது.

ஆனால், செலவு பெரிது. பெயர்பெற்ற நிறுவனத்தின் உயர்ரக டிரைவர் ஷாஃப்ட் ஒன்று புதிதாக 1,000 வெள்ளியைத் தாண்டும். 2025 முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அதோடு ஒப்பிட்டால் தவறான தேர்வின் விலை புரியும். பணம் மட்டுமல்ல, பொருந்தாத ஷாஃப்ட் தோளையும் முழங்கையையும் பதம் பார்க்கும்.

மரத்திலிருந்து கரிம இழை வரை

தொடக்கக் காலத்தில் ஷாஃப்ட் ஹிக்கரி என்ற மரத்தால் செய்யப்பட்டது. அது முறுக்கிக்கொள்ளும், ஈரத்தில் மாறும், ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 1920களிலும், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸைத் தளமாகக் கொண்ட ஆர் அண்ட் ஏ 1929-இலும் எஃகு ஷாஃப்டுக்கு அனுமதி அளித்தன. 1931-இல் பில்லி பர்க் எஃகு ஷாஃப்ட் கொண்டு அமெரிக்க ஓபனை வென்ற பிறகு மரத்தின் காலம் முடிந்தது.

1960களின் இறுதியில் பிராங்க் தாமஸ் என்ற பொறியாளர் கரிம இழையால் ஷாஃப்ட் உருவாக்கினார். ஆட்டக்காரர்கள் இதைக் கிராஃபைட் என்கிறார்கள். முதலில் வந்தவை இலேசாக இருந்தாலும் அதிகமாக முறுக்கிக்கொண்டன. எடை குறைந்தால் உறுதி போய்விடும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் வேரூன்றியது. இன்று அது பாதி உண்மைதான்.

விலை ஏன் கூடுகிறது?

கிராஃபைட் ஷாஃப்ட் செய்யும்போது பசை தோய்ந்த கரிம இழைத் தாள்களை ஓர் எஃகுக் கம்பியின் மேல் பாய் சுருட்டுவதுபோல் சுற்றி, சூளையில் வேகவைத்து, கம்பியை உருவி எடுக்கிறார்கள். நீளவாக்கில் செல்லும் இழைகள் வளைவைத் தாங்கும். 45 பாகைச் சாய்வில் குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் இழைகள் முறுக்கைத் தடுக்கும். சுற்றுவாக்கில் செல்லும் இழைகள் குழாய் நசுங்காமல் காக்கும்.

எடையைக் குறைக்க வேண்டுமானால் தாள்களைக் குறைக்க வேண்டும். தாள் குறைந்தால் உறுதி குறையும். அந்தக் குறையை ஈடுகட்ட விறைப்பு கூடிய, விலை உயர்ந்த இழையைச் சேர்க்க வேண்டும். எடை குறைந்தும் ஆட்டம் காணாமலும் இருக்கும் ஷாஃப்ட் விலை கூடியதாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். வண்ணப் பூச்சுக்கும் பெயருக்கும் சேர்த்தே விலை வைக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

தெரிந்துகொள்ள வேண்டிய நான்கு அளவுகள்

எடை: டிரைவர் ஷாஃப்டுகள் பொதுவாக 40 முதல் 80 கிராம் வரை இருக்கும். 50 கிராமுக்குக் கீழே உள்ளவற்றை எடை குறைந்தவை எனலாம்.

ஃபிளெக்ஸ்: ஷாஃப்ட் எவ்வளவு வளையும் என்பதைக் குறிக்கும். எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்ற எழுத்துகளில் எல் அதிகம் வளையும், எக்ஸ் மிக விறைப்பானது. இந்த எழுத்துகளுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஆர், இன்னொன்றின் எஸ் போல விறைப்பாக இருக்கலாம்.

டார்க்: முறுக்கும் தன்மை. பாகையில் அளக்கிறார்கள். எண் சிறிதானால் முறுக்கு குறைவு. உறுதியை முன்வைக்கும் ஷாஃப்டுகளில் இது 3 பாகையையொட்டி இருக்கும். எடை குறைந்தவற்றில் 5 பாகையைத் தாண்டுவதும் உண்டு.

நுனி விறைப்பு: தலையை ஒட்டிய பகுதி எவ்வளவு விறைப்பானது என்பது. நுனி இளகினால் பந்து உயரமாகக் கிளம்ப உதவும். நுனி விறைத்தால் பந்து தாழ்வாகவும் சுழற்சி குறைந்தும் போகும் வாய்ப்பு அதிகம்.

எடை குறைந்த ஷாஃப்ட் தருவது என்ன?

ஒரு டிரைவரின் தலை சுமார் 200 கிராம், கைப்பிடி சுமார் 50 கிராம். 60 கிராம் ஷாஃப்ட் சேர்ந்தால் மொத்தம் 310 கிராம். 40 கிராம் ஷாஃப்ட் போட்டால் 290. குறைவது 20 கிராம், அதாவது ஏறத்தாழ 6 விழுக்காடு.

ஆனால், வேகம் 6 விழுக்காடு கூடிவிடாது. பெரிய எடை மட்டையின் தலையில்தான் இருக்கிறது. பெரும்பாலோருக்கு மணிக்கு 1 அல்லது 2 மைல் வேகம் கூடினாலே பெரிது. டிரைவரில் ஒரு மைல் வேகத்துக்கு இரண்டரை யார்ட் தூரம் என்று கணக்கிட்டால், கிடைப்பது இரண்டரை முதல் 5 யார்ட். அந்த ஐந்து யார்டுக்காகப் பந்து ஒரு முறை எல்லைக்கு வெளியே போனாலும் கணக்கு நட்டத்தில்தான் முடியும்.

இதனால் எடை குறைந்த ஷாஃப்ட் வீண் என்று பொருளில்லை. அதன் உண்மையான பயன் களைப்பைக் குறைப்பது. கெடாவின் வெயிலில் 18 குழிகளை முடிக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 60 வயதைத் தாண்டியவர், தோள் வலி உள்ளவர், மெதுவாகச் சுழற்றுபவர் ஆகியோருக்குக் கடைசி நான்கு குழிகளில் இந்த 20 கிராம் நன்றாகவே தெரியும்.

உறுதியான ஷாஃப்ட் யாருக்கு?

வேகமாகவும் முரட்டுத்தனமாகவும் சுழற்றுபவர், மேலிருந்து இறங்கும்போது திடீரென்று இழுப்பவர் ஆகியோரின் கையில் இலேசான ஷாஃப்ட் கட்டுக்குள் நிற்காது. தலை ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வந்து சேரும். முறுக்கு குறைந்த, நுனி விறைத்த ஷாஃப்ட் அவர்களுக்கு உதவும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். உறுதி என்பதும் விறைப்பு என்பதும் ஒன்றல்ல. உறுதியை முன்வைக்கும் பல ரகங்கள் ஆர் ஃபிளெக்ஸிலும் கிடைக்கின்றன. "உறுதி வேண்டும்" என்று நினைத்து, தன் வேகத்துக்கு ஒத்துவராத எக்ஸ் ஃபிளெக்ஸை வாங்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அப்படி வாங்கினால் பந்து தாழ்வாகப் போகும், வலக்கை ஆட்டக்காரருக்கு வலப்பக்கம் சரியும், அடியின் அதிர்ச்சி கையில் ஏறும்.

வேகத்தை வைத்து ஒரு தொடக்கக் கணக்கு

டிரைவரைச் சுழற்றும் வேகத்தைப் பல பயிற்சித் திடல்களிலும் கடைகளிலும் கருவி கொண்டு அளக்கலாம்.

மணிக்கு 75 மைலுக்குக் கீழ்: 40 முதல் 50 கிராம், எல் அல்லது ஏ.
75 முதல் 85 மைல்: 45 முதல் 55 கிராம், ஏ அல்லது இளகிய ஆர்.
85 முதல் 95 மைல்: 50 முதல் 60 கிராம், ஆர்.
95 முதல் 105 மைல்: 60 முதல் 65 கிராம், எஸ்.
105 மைலுக்கு மேல்: 65 கிராமுக்கு மேல், எஸ் அல்லது எக்ஸ்.

பொழுதுபோக்காக ஆடும் ஆண்கள் பலர் 85 முதல் 95 மைல் வரிசையில்தான் வருகிறார்கள். தொலைக்காட்சியில் பார்க்கும் அமெரிக்கச் சுற்று வீரர்களின் சராசரி வேகம் 110 மைலைத் தாண்டும். அவர்கள் கையில் உள்ள ஷாஃப்டைப் பார்த்து அதையே வாங்குவது, லாரி டயரை மோட்டார் சைக்கிளுக்கு மாட்டுவது போல.

இந்தக் கணக்கு தொடக்கத்துக்கு மட்டுமே. ஒரே வேகம் உள்ள இருவரில் ஒருவர் நிதானமாகச் சுழற்றுவார், மற்றவர் இழுத்து அடிப்பார். முன்னவருக்கு இலேசானதும் பின்னவருக்குச் சற்றுக் கனமானதும் பொருந்தும்.

செலவில்லாமல் சோதிக்கும் முறை

முதல் ஐந்து பந்துகளை வைத்து முடிவு செய்யக் கூடாது. புதிய பொருள் கையில் வந்ததும் எல்லோரும் நன்றாகவே அடிப்பார்கள். நாற்பது பந்துகள் அடித்துக் களைத்த பிறகு அடிக்கும் பத்துப் பந்துகள்தான் உண்மையைச் சொல்லும்.

வெள்ளைப் பலகையில் எழுதும் பேனாவால் பந்தின் பின்புறம் ஒரு புள்ளி வைத்து, அந்தப் பக்கம் மட்டையில் படும்படி அடித்தால், மை மட்டையின் முகத்தில் ஒட்டும். துணியால் துடைத்தால் போய்விடும். பத்துப் பந்துகளின் தடங்கள் ஒரு 50 சென் நாணயத்தின் அளவுக்குள் நெருங்கி விழுந்தால் ஷாஃப்ட் பொருந்துகிறது. முகம் முழுவதும் சிதறினால் எவ்வளவு தூரம் போனாலும் அது பொருந்தவில்லை.

பயிற்சித் திடலின் பந்துகள் பெரும்பாலும் தேய்ந்தவை. அவற்றின் தூரத்தை நம்ப வேண்டாம். திசையையும் தடத்தையும் மட்டும் பார்த்தால் போதும்.

ஐயன் மட்டைகளையும் சேர்த்துப் பார்க்கவும்

டிரைவரை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை மறப்பது இன்னொரு தவறு. ஐயன் மட்டைகளில் கனமான எஃகு ஷாஃப்ட் 130 கிராமையொட்டி இருக்கும். இலேசான எஃகு 95 கிராமையொட்டி வரும். கிராஃபைட் அதற்கும் கீழே இறங்கும். 40 கிராம் டிரைவரையும் 130 கிராம் ஐயனையும் ஒரே பையில் வைத்தால் ஒவ்வோர் அடிக்கும் கை தடுமாறும். டிரைவரிலிருந்து சிறிய மட்டைகளை நோக்கி எடை படிப்படியாகக் கூட வேண்டும். முழங்கை வலி உள்ளவர்களுக்கு டிரைவரை விட ஐயனில் கிராஃபைட் போடுவதே முதல் நிவாரணம். அது அதிர்வை ஓரளவு உள்வாங்கிக்கொள்ளும்.

வாங்கும்போது

பழைய ஷாஃப்ட் வாங்குவது நல்ல வழிதான். ஆனால், டிரைவரின் தலையில் பொருத்தும் இணைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நுனி எவ்வளவு வெட்டப்பட்டது என்று கேட்க வேண்டும். நுனியை வெட்டினால் ஷாஃப்ட் விறைக்கும். போலிகளும் விற்பனையில் உண்டு. பாதி விலைக்குப் புதிய உயர்ரக ஷாஃப்ட் கிடைக்கிறது என்றால் சந்தேகப்படலாம். சமையலறைத் தராசில் வைத்து எடை பார்ப்பது எளிய சோதனை.

ஷாஃப்ட் மாற்றும் முன் கைப்பிடியை மாற்றிப் பார்ப்பதும் நல்லது. தேய்ந்து வழுக்கும் ரப்பர் கைப்பிடியை இறுகப் பிடித்தால் எந்த ஷாஃப்டும் கட்டுக்குள் நிற்காது. சில பத்து வெள்ளியில் முடியும் வேலை இது.

பிள்ளைகளுக்கு அப்பாவின் பழைய மட்டையை வெட்டிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. நீளம் குறைந்தாலும் தலையின் எடை குறையாது, ஷாஃப்ட் இன்னும் விறைக்கும். பிள்ளை உடம்பை வளைத்துத் தூக்கி அடிக்கப் பழகிவிடும். பிறகு அதைத் திருத்துவது கடினம். சிறுவர்களுக்கென்றே செய்த இலேசான மட்டை, பழையதாக இருந்தாலும் மேலானது.

சுருக்கமாகச் சொன்னால், எந்த ஷாஃப்டும் கைக்கு இல்லாத பலத்தைத் தராது. பதினெட்டாவது குழியிலும் தலையை அதே இடத்துக்குக் கொண்டுவர முடிகிற எடைதான் ஒருவருக்குச் சரியான எடை. அது 45 கிராமாக இருந்தாலும் 65 கிராமாக இருந்தாலும், அதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை நேரமும் ஒரு கூடைப் பந்தும் போதும். பணப்பையைத் திறப்பது அதற்குப் பிறகு.