போர்க்கால வரி: மட்டக்களப்பு வாவிப் பகுதி

இலங்கை உள்நாட்டுப் போர் (1983–2009) நடந்த ஆண்டுகளில், மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் ஆயுதம் தாங்கிய அமைப்புகள் தம் படைகளைப் பேணுவதற்காக ஊர்மக்களிடம் திரட்டிய பணமும் பொருளும் போர்க்கால வரி எனப்படும். நெல், கால்நடை, மரம், கடை, வாகனம், ஒப்பந்த வேலை என உழைப்பு இருந்த இடமெல்லாம் அது சென்றது. வாங்கியவர்கள் அதை வரி என்றும் பங்களிப்பு என்றும் சொன்னார்கள். கொடுத்தவர்கள் வரி என்றார்கள். மனம் கசந்தபோது கப்பம் என்றார்கள். பெரும் பகுதியைத் திரட்டியது தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கம். ஆனாலும் இந்த வரலாற்றை அந்த இயக்கத்தோடு மட்டும் நிறுத்திவிட முடியாது.

வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை கடலோடு இணையாக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. ஞாயிறு எழும் கடற்பக்கம் எழுவான்கரை. ஞாயிறு படும் வயற்பக்கம் படுவான்கரை. நகரம், கடைத்தெரு, அரச அலுவலகம், மருத்துவமனை, பெருந்தெரு எல்லாம் எழுவான்கரையில். நெல்வயல், மாட்டுப்பட்டி, காடு, குளம் எல்லாம் படுவான்கரையில். எழுவான்கரையில் குடியிருக்கும் தமிழரும் முஸ்லிம்களும் படுவான்கரையில் வயல் வைத்திருப்பது பரம்பரை வழக்கம். விதைநெல்லும் உரமும் மேற்கே போக வேண்டும். விளைந்த நெல் கிழக்கே வர வேண்டும். போர்க்காலத்தில் வழிகளோ எண்ணிச் சொல்லக்கூடியவையாகவே இருந்தன: வலையிறவுப் பாலம், பட்டிருப்புப் பாலம், மண்முனையிலும் அம்பிலாந்துறையிலும் 'பாதை' என்று ஊரார் சொல்லும் மிதவைப் படகுகள், வடக்கே செங்கலடிக் கறுத்தப் பாலம். இந்த வழிகளில் நிற்பவன் கையில் நெல்லின் விலை இருந்தது. போர்க்கால வரியின் வரலாற்றை விளங்கிக்கொள்ள இந்த நில அமைப்பே முதற் பாடம்.

விளைச்சலில் ஆளுவோன் பங்கு கேட்பது இங்கே புதிதல்ல. வட்டாரத் தலைவர்களான வன்னிமைகளும் பெருநிலக்காரரான போடிமாரும் கண்டி மன்னனுக்குத் திறை செலுத்தினார்கள். 1638 இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தரும் நாளடைவில் போடிமார் வழியாகவே நெல்லாக வாங்கினார்கள். ஆங்கிலேயர் காலத்து நெல்வரி 1890களின் தொடக்கத்தில்தான் நீக்கப்பட்டது. இவற்றைவிட நெருக்கமான ஒரு வரி ஊருக்குள்ளேயே உண்டு. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர், மண்டூர் முருகன் போன்ற தேசத்துக் கோயில்களிலும் ஊர்க்கோயில்களிலும் திருவிழாவுக்குக் குடிதோறும் வரி எழுதி, கோயில் பொறுப்பாளரான வண்ணக்கர் கணக்கு வைத்துத் திரட்டுவது இன்றும் நடப்பதுதான். ஊருக்காகக் கொடுப்பது, கொடுத்தவர் பெயரை எழுதி வைப்பது, கொடாதவரைச் சபையில் கேட்பது ஆகிய மூன்றும் பழகிய மக்கள் இவர்கள். இயக்கம் 'வரி' என்ற சொல்லை எடுத்தபோது அந்தப் பழக்கத்தின் மேல்தான் ஏறி நின்றது. ஒரு வேறுபாடு மட்டும் பெரிது: கோயில் வரியின் செலவு திருவிழாவன்று எல்லார் கண்முன்னும் நடக்கும்.

1980களின் முதற் பாதியில் வரி என்று சொல்லத்தக்க ஒழுங்கு இல்லை. பல இயக்கங்கள், கடைக்காரரிடமும் போடியாரிடமும் கேட்டு வாங்கிய நன்கொடைகள், இந்தியாவிலிருந்து பயிற்சி. 1987 இல் இந்திய அமைதிப்படை வந்தது. அடுத்த ஆண்டு இணைந்த வடக்கு–கிழக்கு மாகாண சபை வரதராஜப் பெருமாளை முதலமைச்சராகக் கொண்டு அமைந்தது. அந்தச் சபையின் நிழலில் தமிழ்த் தேசிய இராணுவம் என்று ஒரு படை எழுந்தது. வாவிக்கரை இளைஞர்கள் பலர் வீதியில் மறித்துப் பிடிக்கப்பட்டு அதில் சேர்க்கப்பட்டார்கள். படைக்கு இந்திய ஆயுதம் இருந்தது. தன் ஊரில் வேர் இல்லை. 1989 இன் இறுதியில் அமைதிப்படை மாவட்டம் மாவட்டமாக விலகியதும் அந்தப் படை சில வாரங்களில் உடைந்தது. பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளில் எத்தனையோ பேர் துப்பாக்கியைச் சரியாகப் பிடிக்கப் பழகுமுன்பே இறந்தார்கள். இதைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்க வேண்டியிருப்பது வேதனையானது.

1990 யூனில் மீண்டும் போர் மூண்டது. அந்த ஆண்டு யாழ்ப்பாணத்தில் புலிகள் குடும்பத்துக்கு இரண்டு பவுண் தங்கம் கேட்டது பரவலாக அறியப்பட்டது. மட்டக்களப்பில் நிலைமை வேறு. நகரத்தையும் கரையோரத்தையும் இராணுவமும் விசேட அதிரடிப்படையும் விரைவில் பிடித்துக்கொண்டன. அவர்களோடு சேர்ந்தியங்கிய தமிழ்க் குழுக்களும் நகரக் கடைகளில் பணம் கேட்டன. ஒரே வியாபாரி பகலில் ஒருவருக்கும் இரவில் இன்னொருவருக்கும் கொடுத்த காலம் அது.

1995 ஏப்ரலில் மூன்றாம் கட்டப் போர் தொடங்கியபின், யாழ்ப்பாணத்தைப் பிடிக்கும் 'ரிவிரெச' நடவடிக்கைக்கு ஆள் சேர்க்க, கிழக்கின் உட்பகுதி முகாம்கள் பலவற்றை அரசு மூடியது. படுவான்கரை புலிகள் கைக்கு வந்தது. அதே ஆண்டு இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாடு அவர்கள் கையைவிட்டுப் போயிற்று. அங்கே தொகையான மக்கள், கடைகள், தொழில்கள். அந்த வரித்தளம் இல்லாமற்போன பின் வன்னிக் காடும் கிழக்கின் நெல்வெளியுமே நாட்டுக்குள் எஞ்சின. இதன் பிறகு மட்டக்களப்பு–அம்பாறை, இயக்கத்தின் சொல்லில் 'தென் தமிழீழம்', ஆளுக்கும் நெல்லுக்கும் முன்னிலும் பெரிய களஞ்சியமாயிற்று.

வரி எடுக்கப்பட்ட முறை தொழிலுக்குத் தொழில் வேறு. நெல்லுக்குக் காணியின் அளவே அடிப்படை. வேளாண்மை வெட்டி, சூடடித்து, மூடை கட்டும் நாட்களில் கணக்கு முடிக்கப்படும். எந்த வட்டையில் (வயல்வெளியில்) யாருக்கு எத்தனை ஏக்கர், குத்தகைக்காரர் யார், எழுவான்கரையில் இருந்து செய்விக்கும் போடியார் யார் என்பதெல்லாம் ஊருக்குத் தெரிந்த விடயங்கள். வரி எடுப்பவரும் ஊர்ப்பிள்ளையாக இருக்கும்போது மறைக்க வழியில்லை. காட்டு மரம், ஆற்று மணல், செங்கல் ஆகியவை ஏற்றும் இடத்திலும் சாவடியிலும் மறிக்கப்பட்டன. தெரு, குளம், பள்ளிக்கூடக் கட்டடம் என்று அரசோ தொண்டு நிறுவனமோ கொடுத்த வேலைகளை எடுத்த ஒப்பந்தக்காரர் வேலைப் பெறுமதியில் ஒரு வீதம் கொடுத்தார். அதை அவர் தம் கணக்கில் சேர்த்தே விலை கோரினார். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு தரப்படுவதும் உண்டு. அது அடுத்த சாவடியில் காட்டித் தப்பும் கடவுச்சீட்டாகவும் பயன்பட்டது. இராணுவச் சாவடியில் சட்டைப்பையில் அகப்பட்டால் அதே தாள் உயிருக்கு ஆபத்து.

அரசும் போருக்காக வரி எடுத்தது. 1990களில் விற்பனைப் பொருட்கள் மேல் தேசிய பாதுகாப்பு வரி விதிக்கப்பட்டது. 2002 ஓகஸ்டில்தான் அது பெறுமதி சேர் வரிக்குள் கரைந்தது. ஆகவே படுவான்கரை உழவன் சீனியும் சவர்க்காரமும் வாங்கும்போது கொழும்பின் படைக்கும், நெல் விற்கும்போது இயக்கத்தின் படைக்கும் பணம் கட்டினான். அவன் வயலுக்கு மேல் விழுந்த குண்டுக்கும் அவன் பணம் சேர்ந்திருந்தது. அதற்கு எதிராகச் சுட்ட துப்பாக்கிக்கும் சேர்ந்திருந்தது. இலங்கைப் போரின் பொருளாதாரத்தை எழுதியோர் இந்த இரட்டைச் சுமைக்கு உரிய இடத்தைக் கொடுக்கவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

முஸ்லிம் உழவர்களின் சுமை இன்னும் கனமானது. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளுக்குப் பிறகு படுவான்கரை வயல்களுக்குப் போவதே அவர்களுக்கு அரிதாயிற்று. போக முடிந்தவர்களிடம் பணம் கேட்கப்பட்டது. போக முடியாதவர்களின் காணியில் பிறர் விதைத்தார்கள். தமக்கு இடமில்லாத ஒரு நாட்டின் படைக்குத் தாம் ஏன் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கவில்லை. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் புலிகளின் தலைவர் பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் சந்தித்தபோது, முஸ்லிம்களிடம் பணம் பறிப்பதை நிறுத்துவதும் அவர்கள் தம் வயல்களைச் செய்ய விடுவதும் பேச்சின் மையத்தில் இருந்தன. ஊரில் அது முழுமையாக நிறைவேறவில்லை. சில வாரங்களில் வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பக்கத்தில் இரு சமூகத்தாரும் மோதிக்கொண்டார்கள்.

2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்படிக்கை, பொதுமக்களுக்கு எதிரான செயல்களின் வரிசையில் பணம் பறித்தலையும் பெயர் சொல்லித் தடுத்தது. ஆயினும் பாதைகள் திறந்து வியாபாரம் பெருகியதால் வசூலும் பெருகியது. 2003 ஒக்டோபர் இறுதியில் புலிகள் கையளித்த இடைக்காலத் தன்னாட்சி அதிகாரசபை முன்மொழிவு, வரி விதிக்கும் அதிகாரத்தைச் சட்டப்படி கேட்டது. அதிகாரம் இல்லாமல் எடுத்துக்கொண்டிருந்ததற்கு அதிகாரம் கேட்டார்கள் என்றே அதைப் படிக்க வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய வரி ஒன்று இருந்தது. 'வீட்டுக்கொரு பிள்ளை' என்பது அதன் பெயர். 2001 முதல் படுவான்கரையிலும் வாகரையிலும் அது கட்டாயமாக நடத்தப்பட்டது. நெல்லுக்கு ஏக்கர் கணக்கு எழுதிய அதே ஊர்ப்பதிவுகள் எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்பதையும் சொல்லின. பதினைந்து வயதுப் பிள்ளைகளும் கொண்டுபோகப்பட்டார்கள். சில குடும்பங்கள் பிள்ளையை எழுவான்கரைக்கு அனுப்பி உறவினர் வீட்டில் ஒளித்தன. சில குடும்பங்கள் வயது வருமுன்பே மணம் முடித்து வைத்தன. நெல் அடுத்த போகம் விளையும்.

இந்தப் பிள்ளைகளையும் இந்தப் பணத்தையும் கொண்டு நின்றது ஜெயந்தன் படையணி. 1993 இல் மட்டக்களப்பு–அம்பாறைப் போராளிகளைக் கொண்டு உருவான படை அது. தளபதி கிரானைச் சேர்ந்த விநாயகமூர்த்தி முரளிதரன், இயக்கப் பெயர் கருணா. கிழக்கில் பிறந்த படையாயினும் அதன் பெரும் போர்கள் வடக்கில் நடந்தன. 1997 மே மாதம் தொடங்கிய 'ஜெயசிக்குறு' நடவடிக்கையை வன்னியில் மறித்தவர்களில் வாவிக்கரைப் பிள்ளைகள் ஏராளம். மாவீரர் பட்டியலில் அவர்கள் ஊர்ப்பெயர்களைக் காணலாம். உடல்களோ பெரும்பாலும் வாவியைக் கடந்து வரவில்லை.

2004 மார்ச் தொடக்கத்தில் கருணா பிரிந்தார். வன்னித் தலைமை மேலும் ஆயிரம் போராளிகளை அனுப்பச் சொன்னதை அவர் மறுத்தார் என்றும், இயக்கத்தின் முப்பது அளவான துறைப் பொறுப்பாளர்களில் கிழக்கைச் சேர்ந்தவர் ஒருவரும் இல்லை என்று முறையிட்டார் என்றும் அப்போது வெளிவந்தது. நிதித்துறையும் அந்தத் துறைகளில் ஒன்று. அதன் பொறுப்பாளர் தமிழேந்தி வன்னியில் இருந்தார். தலைமை தன் பங்குக்குக் கருணா மேல் நிதி முறைகேட்டுக் குற்றம் சாட்டியது. இரு பக்கமும் பேசியது ஒரே வழக்கைத்தான்: இந்த வாவிக்கரையில் திரட்டிய பணத்துக்கும் ஆளுக்கும் யார் கணக்குச் சொல்ல வேண்டும், யாருக்குச் சொல்ல வேண்டும்? பிளவைத் தனிமனிதச் சண்டை என்றோ பிரதேசவாதம் என்றோ மட்டும் எழுதுவோர் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

இத்தகைய பிளவு உலகில் முன்பும் வளர்ந்ததுண்டு. சீனாவில் தைப்பிங் கிளர்ச்சியை அடக்க அரசிடம் பணம் இல்லாதபோது, 1853 இல் யாங்சோவுக்கு அருகே சரக்குப் போக்குவரவின் மேல் 'லிகின்' என்ற சுங்கம் தொடங்கியது. ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று என்ற சிறு வீதம். ஆற்றுத் துறைகளிலும் சாலைகளிலும் சாவடிகள். செங் குவோபானின் ஹூனான் படை போன்ற மாகாணப் படைகள் அதில் வளர்ந்தன. வரியைத் திரட்டியவர்கள் மாகாணத்தார், படையை நடத்தியவர்களும் மாகாணத்தார். தலைநகரின் பிடி தளர்ந்தது. கிளர்ச்சி 1864 இல் அடங்கியது. லிகின் 1931 வரை நின்றது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலக் கூட்டமைப்பு 1863 இல் விளைச்சலில் பத்தில் ஒன்றைப் பொருளாகவே எடுத்தபோது, அதன் சொந்த உழவர்களே அதற்கு எதிராகத் திரும்பினார்கள். மட்டக்களப்பில் இரண்டும் சேர்ந்து நடந்தன.

2004 ஏப்ரல் 9, பெரிய வெள்ளியன்று வெருகலாற்றில் புலிகள் புலிகளோடு மோதினார்கள். கருணா சில நாட்களில் படையைக் கலைத்தார். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். அடுத்த மாதங்களில் புலிகள் அவர்களில் பலரை மறுபடி தேடி வந்தார்கள். தாய்மார் அம்முறை வாசலில் நின்று மறித்தார்கள் என்பது பதிவாக வேண்டியது.

அதன்பின் வாவியின் இரு கரையிலும் இரண்டு வசூல். கருணா அணி அரச படைகளின் நிழலில், தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் என்ற கட்சியாக நகரத்தில் இயங்கியது. வியாபாரிகளைக் கடத்திப் பணம் கேட்ட முறைப்பாடுகள் அந்த ஆண்டுகளில் பெருகின. அந்த அணி சிறுவரைக் கடத்திப் படையில் சேர்த்ததையும், அரசு அதைக் கண்டும் காணாதிருந்ததையும் மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2007 சனவரியில் அறிக்கையாக வெளியிட்டது. இந்தக் காலத்து வசூலுக்கு வட்டைக் கணக்கும் இல்லை, போகக் கணக்கும் இல்லை.

2007 மார்ச்சில் கொக்கட்டிச்சோலையும் யூலையில் குடும்பிமலையும் இராணுவத்திடம் வீழ்ந்தன. இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாலங்களைக் கடந்து எழுவான்கரைக்கு ஓடி வந்தார்கள். படுவான்கரையில் புலிகளின் வரி அத்தோடு முடிந்தது.

2008 மே மாதம் கிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்து, கருணா அணியிலிருந்து வந்த சிவநேசதுரை சந்திரகாந்தன் (பிள்ளையான்) முதலமைச்சரானார். இயக்கம் கேட்ட வரி அதிகாரத்தில் ஒரு சிறு பங்கு இந்தச் சபைக்குச் சட்டப்படி இருந்தது. அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் மாகாணங்களுக்குக் கொடுத்த வரிகளில் பெரியது விற்பனைப் புரள்வு வரி. 2011 இல் அதுவும் மத்திய அரசின் தேச நிர்மாண வரிக்குள் சேர்க்கப்பட்டு, மாகாணத்துக்கு ஒரு பங்கு கொழும்பிலிருந்து அனுப்பப்படும் ஏற்பாடாயிற்று. சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் மாகாணத்தை ஆளுநரே நடத்தி வருகிறார்.