பள்ளத்து மூடியும் கார்க் பட்டையும்

1955-இல் செவ்ரோலெட் தன் 265 கன அங்குல வி8 எஞ்சினை இறக்கியபோது, இன்டேக் மேனிஃபோல்டே இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்துக்கும் மூடியானது. தனி மூடித் தகடு தேவைப்படவில்லை. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் பெட்ரோல் கலந்த காற்று, புகை, கூலன்ட், எண்ணெய் நான்கையும் பிரித்து நிறுத்தும் பாரம் கேஸ்கட்டுகளின் தலையில் விழுந்தது.

வம்பெல்லாம் பள்ளத்தின் முன், பின் விளிம்புகளை அடைத்த கார்க் பட்டைகளில். போல்ட்டை முறுக்க முறுக்க, எண்ணெய் பட்ட கார்க் வழுக்கிப் பிதுங்கும். பின்பக்கக் கசிவு கிளட்ச் உறை மேல் ஒழுகுவதால், பழி பெரும்பாலும் கிராங்க் சீல் மேல்தான்!

சிலிகான் பசை வந்ததும் மெக்கானிக்குகள் கார்க்கைத் தூக்கி எறிந்தார்கள். பிசுக்கைத் துடைத்து, சுமார் 6 மி.மீ. உயரத்துக்குப் பசையை இழுத்து, மூலைகளில் கொஞ்சம் தாராளமாக வைத்தார்கள். மேனிஃபோல்டை நேராக இறக்க வேண்டும். உட்கார்ந்தபின் நகர்த்தினால் பசை கலையும். பிறகு நடு போல்ட்டிலிருந்து வெளிப்புறமாக, சுமார் 30 அடி-பவுண்டு வரை படிப்படியாக முறுக்குவார்கள்.